இன்னும் நாலு மாதம் அவள் அஞ்சாம் வகுப்புப் பிள்ளை

கேள்வி: என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கரூர் மாவட்டத்தில் சின்ன கிராமம். பள்ளியில் மொத்தமே 23 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், அவள் வகுப்பில் நாலே பேர். வரும் ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வெளியே போயாக வேண்டும். 14 கிலோமீட்டரில் உள்ள ஒரு தனியார் பள்ளிக்கு வேனில் அனுப்பலாம் என்கிறார் என் கணவர். போன வாரம் அங்கே கூட்டிப் போனோம். ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். இங்கிலீஷும் வகுத்தலும் வரவில்லை. ‘பிள்ளை ரொம்ப வீக், எங்களிடம் அஞ்சாவதே திரும்பப் படிக்கட்டும்’ என்றார்கள். அன்றிலிருந்து அவள் எந்தப் பள்ளிக்கும் போகமாட்டேன், இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று அழுகிறாள். காலையில் மணி அடிப்பது, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடுவது எல்லாம் அவள்தான், அதை விட மனசில்லை போல. 4 கிலோமீட்டரில் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அஞ்சாவதில் இனி ஃபெயில் போடுவார்கள் என்று வேறு பேசிக்கொள்கிறார்கள். நான் காலை 7 மணிக்கே கொசுவலைக் கம்பெனி வேலைக்குப் போகிறவள். என்ன செய்வது என்று சொல்லுங்கள் டீச்சர்.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அந்தத் தனியார் பள்ளியில் நடந்ததுதான் மனதில் நின்றது, கோபம் வந்தது. இரண்டாம் தடவை படிக்கும்போது நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த அந்த மணி அடிக்கிற விஷயம் கண்ணில் பட்டது. அதைத்தான் முதலில் பேச வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

34 வருஷம் ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் தலைமை ஆசிரியையாக. பெரும்பாலும் உங்கள் ஊர்ப் பள்ளி மாதிரி ஈராசிரியர் பள்ளிகள்தான். அப்படிப்பட்ட பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை என்றால் யார் தெரியுமா? வழிபாட்டுக் கூட்டத்தில் குறள் சொல்வது, செய்தி வாசிப்பது, தண்ணீர்க் குடத்தை மூடி வைப்பது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கால்சட்டையில் போய்விட்டால் டீச்சரிடம் ஓடி வந்து காதோடு சொல்வது, நான் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும்போது இரண்டாம் வகுப்பை உட்கார வைத்து ‘அணில், ஆடு’ வாசிக்க வைப்பது எல்லாமே அந்த நாலைந்து பேர்தான். ஒரே அறையில் மூன்று வகுப்புகள் இருக்கும் பள்ளிகள் ஓடுவதே இந்தப் பெரிய பிள்ளைகளால்தான் என்று சொன்னால் எந்த ஈராசிரியர் பள்ளி ஆசிரியரும் மறுக்க மாட்டார். நாலு வருஷம் சின்னப் பிள்ளையாக இருந்து, இந்த ஒரு வருஷம்தான் அவள் அந்த இடத்துக்கு வந்திருக்கிறாள். ஜூன் மாதம் போய் நிற்கப்போகும் இடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்கள் இருப்பார்கள், அங்கே இவள்தான் கடைக்குட்டி. பத்து வயசுப் பிள்ளைக்கு இது தெரியாமல் இல்லை, சொல்லத் தெரியவில்லை. அழுகிறாள். இந்த நேரத்தில் ‘நீ இருக்கிற வகுப்புக்கே லாயக்கில்லை’ என்று ஒரு பெரியவர் முகத்துக்கு நேரே சொன்னால் எப்படி இருக்கும்?

ஆகவே முதலில் ஒன்று செய்யுங்கள். வீட்டில் கொஞ்ச நாளைக்கு ‘ஆறாவது’ என்ற பேச்சையே எடுக்க வேண்டாம், கணவரிடமும் சொல்லிவிடுங்கள். உங்கள் கடிதம் இரண்டாம் பருவத் தேர்வு முடிந்த கையோடு வந்திருக்கிறது. மூன்றாம் பருவம் முழுதாக இருக்கிறது. இந்த நாலு மாதமும் அவள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையாகவே இருக்கட்டும், மணியை அடிக்கட்டும். வீட்டுக்கு வந்தால் ‘இன்னைக்கு ஒண்ணாங்கிளாஸ்ல யாரு அழுதா, நீ என்ன பண்ணின?’ என்று கேளுங்கள். அவளுக்கு எது பெருமையோ அதை வாயால் சொல்ல வையுங்கள். பாதிப் பெற்றோர்கள் இந்த வருஷத்தை அடுத்த பள்ளிக்குப் போகக் காத்திருக்கும் பஸ் ஸ்டாப்பு மாதிரி ஆக்கிவிடுகிறார்கள், அதனால் பிள்ளை இங்கேயும் மனசு வைக்காது, அங்கேயும் பயந்துகொண்டே போகும்.

சரி, அந்தத் தேர்வுக்கு வருகிறேன்.

கல்வி உரிமைச் சட்டம், 2009. அதன் 13-வது பிரிவு, பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று சொல்கிறது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்குமே இது பொருந்தும், 6 முதல் 14 வயது வரை. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அதற்கு மேல் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. உங்கள் மகளை உட்கார வைத்து ஒரு தாளை நீட்டியவர்களுக்கு அதை நீட்டும் உரிமையே கிடையாது. நீங்கள் புகார் கொடுக்க வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை, கொடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம் (கொடுப்பதென்றால் கல்வித் துறையின் 14417 எண்ணில் பேசலாம்). ஆனால் ஒன்றை மட்டும் உங்கள் மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: ‘அவங்க உனக்குப் பரீட்சை வைச்சதே தப்பு, சட்டத்துல வைக்கக் கூடாதுன்னு இருக்கு, அந்த மார்க்குக்கு ஒரு அர்த்தமும் இல்ல.’ பிள்ளைகளுக்கு நியாயம் புரியும். தான் தோற்றுப்போனதாகவே நினைத்துக்கொண்டு அவள் ஜூன் வரைக்கும் இருக்கக் கூடாது.

ஐந்தாம் வகுப்பைத் திரும்பப் படிக்கச் சொன்னதற்கும் இதே பதில்தான். அந்தப் பள்ளிக்கு இன்னும் ஒரு வருஷக் கட்டணம் கிடைக்கும், அவளுக்கு ஒரு வருஷம் போகும்.

ஃபெயில் போடுவார்கள் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன். 2019-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்திக்கொள்ளலாம் என்று மாநிலங்களுக்கு விட்டார்கள். அந்த வருஷமே தமிழ்நாட்டிலும் ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். நான் அப்போது பணியில் இருந்தேன். கூலி வேலைக்குப் போகும் தாய்மார்கள் பள்ளி வாசலில் நின்று ‘டீச்சர், எம்பிள்ள பாசாயிடுமா?’ என்று கேட்டதும், நன்றாகப் படிக்கும் ஒரு பையன் தேர்வு என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் இன்னும் கண்ணில் நிற்கிறது. 2020 பிப்ரவரி 4-ஆம் தேதி அந்த அறிவிப்பை ரத்து செய்தார்கள். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளுக்கு மறுபடி அந்த முறையைக் கொண்டுவந்தபோது, தமிழ்நாட்டுக்கு இது கிடையாது என்று மாநில அரசு சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்றுதான் சொல்கிறது. ஆக, உங்கள் மகள் ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பை முடிப்பாள், ஜூனில் ஆறாம் வகுப்பில் உட்காருவாள், நடுவில் ஒருவரும் அவளை நிறுத்த முடியாது.

ஆனால் ஃபெயில் இல்லை என்பதால் கவலையே வேண்டாம் என்று சொல்லவும் நான் தயாரில்லை. யாரும் நிறுத்த மாட்டார்கள் என்பதாலேயே பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏசர் என்று ஒரு கல்வி ஆய்வு நடக்கிறது, அதில் கிராமங்களுக்குப் போய் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். 2024-ல் நாடு முழுக்கப் பார்த்ததில் பாதிப் பேருக்குக்கூட அது வரவில்லை. நம் மாநிலத்திலும் கொரோனாவில் விட்டுப்போனதைப் பிடிக்கத்தான் 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கினார்கள், அடுத்த வருஷம் நாலு, ஐந்துக்கும் நீட்டினார்கள். உங்கள் மகள் அந்தப் பயிற்சி நூல்களில் படித்து வந்த பிள்ளைதான்.

என்னைக் கேட்டால் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளையிடம் முக்கியமாக ஒன்று இருக்க வேண்டும். தெரியாத பக்கம் ஒன்றைக் கொடுத்தால் யார் உதவியும் இல்லாமல் வாசித்து, அதில் என்ன இருக்கிறது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவும் தமிழில்தான், இங்கிலீஷில் இல்லை. இதுவரைக்கும் அவள் வாசிக்கக் கற்றுக்கொண்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து வாசித்துத்தான் மற்றதைக் கற்றுக்கொள்ள வேண்டும். அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் புதுச் சொற்கள், நீள நீளமான வாக்கியங்கள், ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டி நின்று வாசிக்க அங்கே ஒரு ஆசிரியருக்கும் நேரம் இருக்காது. நான் பார்த்த வரையில் ஆறாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அறிவியல் வராமல் இல்லை, வாசிப்பதற்குள் களைத்துவிடுகிறார்கள்.

இதை நீங்களே வீட்டில் பார்த்துவிடலாம். பள்ளியில் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் இருக்கும், மெலிசாக, படம் போட்டு, ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நாலு நிலையாகப் பிரித்திருப்பார்கள். டீச்சரிடம் கேட்டு ஒவ்வொரு நிலையிலும் ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கட்டும். திருத்தாதீர்கள், கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். முடித்ததும் ‘அந்த நாய்க்குட்டி ஏன் திரும்பி வந்துச்சு?’ என்கிற மாதிரி கதையிலிருந்து ஒன்று கேளுங்கள். ‘ஓடு’ வரைக்கும் தடையில்லாமல் வந்து பதிலும் சொன்னால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். ‘நட’யிலேயே திக்கினால் இந்த நாலு மாதமும் வேறு எதையும் தூக்கிச் சுமக்காமல் வாசிப்பை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தினம் இருபது நிமிஷம் போதும். நாலு, ஐந்தாம் வகுப்புக்கென்று ‘ஊஞ்சல்’ இதழ் பள்ளிக்கு வருகிறது, அதை வீட்டுக்கு எடுத்துவரச் சொல்லுங்கள் (ஆறாம் வகுப்புக்குப் போனதும் ‘தேன்சிட்டு’ கிடைக்கும்). பாட்டி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. பாட்டிக்கு வாசித்துக் காட்டும் பிள்ளைக்குத் தான் சொல்லிக்கொடுக்கிறோம் என்ற எண்ணம் வந்துவிடும்.

அந்த ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்கும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். என் பள்ளியில் வாசிக்கத் திணறிய ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண்ணை நான் என்ன செய்தும் முன்னேற்ற முடியவில்லை. கடைசியில் தினம் மதியம் மூன்று குட்டிப் பிள்ளைகளுக்கு ஒரு கதை வாசிக்கும் வேலையை அவளிடம் கொடுத்தேன். இரண்டாம் வகுப்புக் கதைப் புத்தகம்தான். தன் வகுப்பில் அதைக் கையில் எடுக்கவே வெட்கப்பட்டிருப்பாள், சின்னப் பிள்ளைகளுக்கு என்றதும் வெட்கம் போய்விட்டது. முதல் நாள் இரவு வீட்டில் நாலு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு வருவாள். மூன்று மாதத்தில் அவள் வாசிப்பு எங்கேயோ போய்விட்டது. உங்கள் மகளுக்கு அந்த இடம் ஏற்கெனவே இருக்கிறது.

வகுத்தல் கணக்குக்கு வருவோம். ‘வகுத்தல் வராது’ என்றால் பெரும்பாலும் எங்கே இடறுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். 618-ஐ 6-ஆல் வகுக்கச் சொல்லிப் பாருங்கள். 13 என்று எழுதினால் அவளுக்கு வகுத்தல் தெரியும், நடுவில் பூஜ்ஜியம் போடத்தான் தெரியவில்லை. 6-ல் 6 ஒரு தடவை போகும், அடுத்த 1-ல் 6 போகாது, அந்த இடத்தில் 0 போட்டுவிட்டுத்தான் 8-ஐ இறக்கி 18 ஆக்க வேண்டும், விடை 103. பிள்ளைகள் அந்தப் போகாத இடத்தை விட்டுவிடுவார்கள். சிவப்பு மையில் தப்பு என்று குறி போட்டால் இது புரியாது. ‘618 ரூபாயை ஆறு பேர் பிரிச்சா ஆளுக்கு 13 ரூபாதான் வருமா? நூறு நூறா எடுத்தாலே ஆளுக்கு ஒரு நூறு வருதே’ என்று பணத்தில் கேட்டால் அவளே தலையில் தட்டிக்கொண்டு திருத்துவாள். வகுப்பதற்கு முன்னாலேயே விடை நூறுக்குப் பக்கமா, பத்துக்குப் பக்கமா என்று உத்தேசமாகச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தவறு போய்விடும். வாய்ப்பாடு 9 வரைக்கும் தடுமாறாமல் வர வேண்டும், அதில் சலுகை கிடையாது. காலையில் நீங்கள் கிளம்பும்போது தலை வாரிவிடும் நேரத்திலேயே ஒரு வாய்ப்பாட்டைக் கேட்டுவிடலாம்.

பின்னம் வீட்டிலேயே இருக்கிறது. கால் கிலோ, அரை லிட்டர், முக்கால் படி. பாட்டிக்கு அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று என்று தெரிந்திருக்கும், கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளும் சறுக்கும் ஒரே கேள்வி: மூன்றில் ஒன்று பெரிசா, நாலில் ஒன்று பெரிசா? நாலு பெரிய எண் என்பதால் நாலில் ஒன்று பெரிசு என்பார்கள். ஒரு தோசையை மூன்று பேர் பங்கு போட்டால் உனக்கு அதிகமா, நாலு பேர் போட்டால் அதிகமா என்று கேட்டால் போதும்.

இங்கிலீஷ்... இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. தமிழ் வழியில் ஐந்து வருஷம் படித்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் சடாரென்று ஆங்கில வழிக்கு மாற்றுவதை நான் ஒருநாளும் பரிந்துரைத்ததில்லை. என்னிடம் ஐந்தாவது முடித்த ஒரு பையன், ஒளிச்சேர்க்கையைத் தரையில் சாக்பீஸால் படம் வரைந்து சின்ன வகுப்புகளுக்கு விளக்கியவன், ஆறாவதில் ஆங்கில வழிக்குப் போனான். அடுத்த வருஷம் கோவில் திருவிழாவில் பார்த்தபோது அதையே கேட்டேன். இங்கிலீஷில் நாலு வரியை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். ‘அப்படின்னா என்னடா?’ என்றேன். தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது, ஒரு வருஷத்தில் தெரியாமல் போயிருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை, வீட்டில் சொல்லித்தர ஆள் இருக்கும் பிள்ளைகள் சமாளித்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் நீங்கள் ஏழு மணிக்குப் போய்விடுகிறீர்கள், உங்கள் கணவர் எப்போது வருவார் என்று நீங்கள் எழுதவில்லை, இருட்டின பிறகுதான் என்று நினைக்கிறேன். இங்கிலீஷை ஒரு பாடமாக நன்றாகப் படிக்கட்டும். தினம் பத்து நிமிஷம், மூன்றாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் சத்தமாக. கீழ் வகுப்புப் புத்தகமா என்று கூச்சப்பட்டால் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்லித்தரத்தான் என்று சொல்லிவிடுங்கள், உண்மையும் அதுதான்.

இனி எந்தப் பள்ளி என்ற கேள்வி. உங்கள் கணவரோடு சண்டை போடாதீர்கள், அவரும் பிள்ளை நன்றாக வர வேண்டும் என்றுதான் நினைக்கிறார். ஆனால் முடிவெடுக்கும் முன் அவருக்குத் தெரிய வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது, பல பேருக்கு இது பன்னிரண்டாம் வகுப்பில்தான் தெரிகிறது, அப்போது ஒன்றும் செய்ய முடியாது. 2020-ல் கொண்டுவந்த சட்டப்படி மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதைக் கொண்டுவந்தார்கள். யாருக்கு? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறதே, அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு என்ற அதே கணக்குதான் (அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பிறகு கொடுக்கத் தொடங்கினார்கள்). கவனியுங்கள், இரண்டுமே ஆறிலிருந்துதான் தொடங்குகிறது. ‘இப்ப தனியார்ல போடலாம், பிடிக்கலைன்னா எட்டாவதுல மாத்திக்கலாம்’ என்று அவர் சொன்னால், ஆறும் ஏழும் தனியாரில் போய்விட்டால் அந்தக் கதவுகள் மூடிவிடும் என்று சொல்லுங்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான், அதில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய்.

இதற்காக மட்டுமே அரசுப் பள்ளி என்று நான் சொல்லவில்லை. 14 கிலோமீட்டர் வேன் என்றால் ஊர் ஊராகச் சுற்றித்தான் போகும், பத்து வயசுப் பிள்ளை விடியும் முன் எழுந்து, இருட்டும்போது வந்து, எப்போது வாசிப்பாள், எப்போது விளையாடுவாள்? 4 கிலோமீட்டர் என்றால் டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போய் வரலாம், உங்கள் ஊரிலிருந்து போகும் அக்காக்களும் இருப்பார்கள். இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்க வேண்டாம். போய்ப் பாருங்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவு தாழ் போட முடிகிறதா என்று நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இருக்கிறாரா, இடம் காலியா என்று கேளுங்கள். இந்த இரண்டும் சரியாக இருந்தால் நான் என் பேத்தியையே அங்கே சேர்ப்பேன்.

இன்னும் இரண்டு விஷயம், இவற்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஒன்று, காலைச் சாப்பாடு. நீங்கள் ஏழு மணிக்குக் கிளம்புவதாக எழுதியதும் எனக்கு இதுதான் நினைவு வந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கும்போதே ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு என்றுதான் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது, உங்கள் மகள் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் பள்ளியில் சாப்பிட்டுத்தான் வளர்ந்திருப்பாள். மதியச் சத்துணவு ஆறாம் வகுப்பிலும் உண்டு, பத்தாம் வகுப்பு வரை உண்டு. காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டில் ஒரு ஏற்பாடு வேண்டும். வெறும் வயிற்றோடு பஸ் ஏறிப் போய் வெயிலில் வழிபாட்டில் நின்று மயங்கி விழும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதல் நாள் ராத்திரியே மாவு, சட்னி என்று எடுத்து வைத்தாலும் சரி, பாட்டியோ சித்தியோ பார்த்துக்கொண்டாலும் சரி, மே மாதத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, அவள் பெரிய மனுஷி ஆவது பற்றி. பத்து, பதினொரு வயசிலேயே வந்துவிடுகிறது. புதுப் பள்ளி, தெரியாத ஆசிரியர்கள், முதல் தடவை பாவாடையில் கறை என்றால் அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வராது. அது என்ன, ஏன் வருகிறது, பயப்பட ஒன்றுமில்லை, வந்தால் எந்த டீச்சரிடம் சொல்லலாம் என்று ஏப்ரல் லீவிலேயே நீங்கள் சொல்லிவிட வேண்டும், பாட்டி சொல்லட்டும் என்று விடாதீர்கள். பையில் ஒரு நாப்கினும் ஒரு உள்ளாடையும் பழைய பேப்பரில் சுற்றி எப்போதும் இருக்கட்டும். அரசுப் பள்ளிகளில் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் கொடுக்கிறார்கள், யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் அந்தப் பள்ளிக்குப் போகும்போது தெரிந்துகொள்ளுங்கள்.

டி.சி. விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியின் எமிஸ் பதிவு (கல்வித் துறையின் கணினிப் பதிவேடு) எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஜனவரியிலேயே தலைமை ஆசிரியரிடம் போய்ப் பாருங்கள். தமிழில் ஒரு மாதிரி, இங்கிலீஷில் ஒரு எழுத்து கூட என்று இருந்தால் இப்போது ஒரு மனுவில் திருத்திவிடலாம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஏறிவிட்டால் அலைய வேண்டியிருக்கும். டி.சி. கைக்கு வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது, அதுவும் அதே கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது.

கடைசியாக, உங்கள் மகளின் டீச்சரிடம் ஒரு நாள் மாலையில் பேசுங்கள். தனியார் பள்ளியில் நடந்ததைச் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருக்காது. நாலு பேரே இருக்கும் வகுப்பு என்பதால் அவர் நினைத்தால் அவளுக்கென்று தினம் கால் மணி நேரம் ஒதுக்க முடியும். இன்னொன்றும் கேளுங்கள். மார்ச் மாதம் ஒரு நாள் அந்த நாலு பிள்ளைகளையும் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு அழைத்துப் போய் ஒரு வகுப்பில் உட்கார வைத்துக் காட்ட முடியுமா என்று. நான் என் பிள்ளைகளை வருஷா வருஷம் அழைத்துப் போயிருக்கிறேன், அங்கே படிக்கும் பழைய மாணவிகள் ஓடி வந்து இவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஆய்வகத்தையும் பெரிய மைதானத்தையும் சுற்றிக் காட்டுவார்கள், திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டாக இருக்கும். டீச்சரால் முடியவில்லை என்றால் நீங்களே அழைத்துப் போங்கள். ஒரு நாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, ஜூனில் அவள் ஏறப்போகும் அதே பஸ்ஸில், அதே நேரத்துக்கு. கணவரும் கூட வரட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சரம்மா